பத்தாவது காரணம்

"மேற்படி வினாவுக்கான விடைக்குறிப்பு, கிழக்காசிய வரலாற்றில் நாற்பதாண்டு ஆய்வு அனுபவம் உடையவரும், பல்வேறு பாடத்திட்டக் குழுக்களில் அங்கம் வகித்தவருமான பேராசிரியர் டாக்டர் எம். மாத்ருபூதம் அவர்களின் நூல், பக்கம் 112ஐ ஆதாரமாகக் கொண்டது. அப்பேரறிஞரின் கூற்றை ஐயுறுவதற்கு முகாந்திரம் ஏதும் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது."

2023 ஜூலையில் இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்பட்ட நேரத்தில் அப்பேரறிஞர் திருச்சி தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கோழிக்குஞ்சு வளர்ப்பு பற்றிய புத்தகத்துக்கு மூன்றாவது புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் தாள் பறக்கும் என்பதால் சற்றுத் தள்ளி வியர்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் பேராசிரியர் இல்லை, டாக்டரும் இல்லை. பட்டதாரிகூட இல்லை. பி.ஏ. வரலாற்றில் இரண்டு தாள் கடைசிவரை தேறவில்லை. அவற்றில் ஒன்று கிழக்காசிய வரலாறு. கடிதத்தில் கண்ட விவரங்களில் பெயர் சரி. பக்க எண்ணும் சரி.

மாத்ருபூதம் என்பது மலைக்கோட்டையில் இருக்கும் தாயுமானவரின் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மனிதர் முப்பது வருடமாக அரங்கனின் ஊரில், ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் குடியிருந்தார். இதில் சமய சமரசம் எதுவும் கிடையாது; அந்தப் பக்கம் வாடகை குறைவு. காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பதிப்பகத்துக்கு நடந்துவிடலாம். செவ்வந்தி பதிப்பகம் கைடு போடும் இடம். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் என்பது வாங்க வேண்டியது, கைடு என்பது படிக்க வேண்டியது. மாத்ருபூதம் அங்கே புரூஃப் ரீடர்.

புரூஃப் பார்ப்பவரைப் பேராசிரியர் ஆக்கியது 1997ஆம் வருடத்து ஏப்ரல் தேர்வு. சீனா–ஜப்பான் வரலாற்றுக்குக் கைடு எழுத ஒப்புக்கொண்ட நிஜப் பேராசிரியர் ஒருவர் சீனாவை முடித்துக் கொடுத்துவிட்டு, ஜப்பானைத் தொடாமல் வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டார். தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பழைய முதலாளி, அதாவது இப்போதைய முதலாளி முரளிதரனின் அப்பா, சுற்றிலும் பார்த்தார். கண்ணில் பட்டவர் மாத்ருபூதம். எல்லாப் புத்தகத்தையும் ஆளுக்கு முந்திப் படிக்கிறவன் நீதானே, நீயே எழுதிவிடு என்றார். தான் தோற்ற தாள் அது என்பதை மாத்ருபூதம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு பழைய புத்தகங்களையும், தோற்ற காலத்துக் குறிப்பேடு ஒன்றையும் வைத்துக்கொண்டு எழுதினார். "தோகுகாவா ஷோகுன் ஆட்சியின் வீழ்ச்சிக்கான காரணங்களை விவரி" என்பது வருடம் தவறாமல் வரும் கேள்வி. அதற்கு இருபது மதிப்பெண். கைடு உலகில் ஒரு கணக்கு உண்டு: ஒரு பாயிண்டுக்கு இரண்டு மதிப்பெண், எனவே இருபதுக்குப் பத்து பாயிண்ட். ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு தலைப்பு, தலைப்புக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. திருத்துகிறவர் தலைப்பை மட்டும் எண்ணிக்கொண்டு போவார் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண்போனதில்லை.

விஷயம் அப்படியொன்றும் வறண்டதல்ல. இரண்டரை நூற்றாண்டாக ஜப்பானை ஆண்டது பேரரசர் அல்ல. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு எடோ நகரில் இருந்து ஆண்ட தோகுகாவா குலத்துப் படைத்தலைவர், ஷோகுன். நாட்டின் கதவை ஏறத்தாழச் சாத்தி வைத்திருந்தார்கள். சண்டையே இல்லாத நாட்டில் சாமுராய்கள் இடுப்பில் இரண்டு வாளோடு அலுவலகம் போய்க் கோப்பு பார்த்தார்கள். 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு கறுப்புக் கப்பல்களோடு வந்து கதவைத் திற என்றார். எதிர்த்துப் போரிட முடியாது என்று ஷோகுன் அரசுக்குத் தெரியும். முடியாது என்று வெளியே சொல்லவும் வழியில்லை. போரிடத் தெரியும் என்பதுதான் அந்த அரசுக்கு இருந்த ஒரே தகுதி. எனவே அதுவரை செய்யாத காரியம் ஒன்றைச் செய்தது: குறுநிலத் தலைவர்கள் எல்லாரிடமும் கருத்துக் கேட்டது. கேட்ட அன்றைக்கே பாதி ஆட்சி போயிற்று.

மீதிப் பாதி போகப் பதினான்கு வருடம் ஆனது. சமமற்ற ஒப்பந்தங்கள், அரிசி விலை, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்த அமைச்சரைக் கோட்டை வாசலில் பனியில் வைத்து வெட்டியது, தென்மேற்கே சத்சுமா, சோஷு என்ற இரு குறுநிலங்கள் பகை மறந்து கைகோத்தது, கடைசி ஷோகுன் அதிகாரத்தைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுத்தது என்று போகும் கதை. இதில் வேடிக்கை, ஆட்சியைக் கவிழ்த்தவர்களின் முழக்கம் "அந்நியனை விரட்டு" என்பது. கவிழ்த்த கையோடு அவர்கள் அந்நியனின் ரயிலையும் பீரங்கியையும் தொப்பியையும் வாங்கினார்கள். சாமுராய்க்குக் கொடுத்துவந்த மானியத்தையும், வாள் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அவர்களே பறித்தார்கள். மாத்ருபூதத்துக்கு இந்த இடம் பிடித்திருந்தது. ஆனால் வேடிக்கைக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் எழுதவில்லை.

எண்ணிப் பார்த்தால் ஒன்பது பாயிண்ட் வந்தது. ஓர் ஆட்சி விழுவதற்கு ஒன்பது காரணம் தாராளம். இருபது மதிப்பெண்ணுக்குப் போதாது.

அச்சுக்குப் போக வேண்டிய நாளும் வந்துவிட்டது. உப்புச் சத்தியாகிரகத்தார் வேதாரண்யத்துக்குப் புறப்பட்ட ஊர்க்காரர் அவர். மக்களுக்கு ஓர் அரசின் மீது கோபம் வர வேண்டுமானால் அதற்கு உப்பு வரி என்று காரணம் சொல்வது திருச்சிக்காரருக்கு மூச்சு விடுவது போல. எழுதினார்: "10. உப்பு வரி: 1865இல் ஷோகுன் அரசு உப்பின் மீது கடும் வரி விதித்தது. இதனால் மக்கள் கொதித்தெழுந்தனர்." அவ்வளவுதான், ஒன்றரை வரி. அப்படி ஒரு சட்டம் கிடையாது. யாரும் கொதிக்கவும் இல்லை. இல்லாத வரிக்கு ஒரு வருடத்தையும் சேர்த்ததுதான் தொழில் நேர்த்தி.

அடுத்த வருடம் திருத்தலாம் என்று இருந்தார். அடுத்த வருடம் கைடு நன்றாக விற்றது; விற்கும் கைடைத் திருத்துவது பதிப்பக வழக்கம் அல்ல. அதற்கடுத்த வருடம் மதுரையில் வேறொருவர் போட்ட கைடில் உப்பு வரி வந்தது. அதில் வரி எவ்வளவு என்றுகூட இருந்தது. கோவைக் கைடு ஒன்று, பெண்கள் ஊர்வலம் போனதாக எழுதியது. மூன்றாவதாக ஒன்று, இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கொடுத்தது. புரூஃப் மேஜையில் உட்கார்ந்தபடி மாத்ருபூதம், தன் ஒன்றரை வரி ஊர் ஊராகப் போய் ஆளாகி வருவதைப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது. ஆள் சாகத் தொடங்கியபின் சிரிப்பு நின்றது. பிறகு தொலைதூரக் கல்வி நிறுவனம் ஒன்று செவ்வந்தியின் கைடை மொத்தமாக வாங்கி, அட்டையை மாற்றி, பாடநூல் என்று கொடுத்தது. பாடநூலுக்கு ஆசிரியர் வேண்டுமே. "பேராசிரியர் டாக்டர்" என்ற சொற்கள் அப்போது அட்டையில் ஏறின. தடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம், தடுத்ததாகத் தெரியவில்லை.

இப்படி இருபத்தாறு வருடம் போயிற்று. பிறகுதான் அந்தத் தேர்வு.

உதவி பெறும் பள்ளிகளுக்கு வரலாற்று ஆசிரியர் எடுக்கும் நியமனக் குழுமம் நடத்தியது அது. கேள்வி எண் 74: பின்வருவனவற்றுள் ஷோகுன் ஆட்சியின் வீழ்ச்சிக்குக் காரணம் அல்லாதது எது? பெர்ரியின் வருகை, உப்பு வரி, சத்சுமா–சோஷு கூட்டணி, தங்கம் நாட்டை விட்டு வெளியேறியது. கேள்வி எடுத்தவர் முதல் மூன்றைப் பக்கம் 112இல் இருந்து எடுத்தார். காரணம் அல்லாத ஒன்று வேண்டும் என்பதால் தங்கத்தைத் தாமாகச் சேர்த்தார். உண்மையில் ஜப்பானில் தங்கம் மலிவாகவும் வெள்ளி விலை கூடுதலாகவும் இருந்ததால், கதவு திறந்ததும் வெள்ளைக்காரர்கள் வெள்ளியைக் கொடுத்துத் தங்கத்தை அள்ளிப்போனார்கள், விலைவாசி தலைகீழானது. ஆக, மாத்ருபூதம் கற்பனை செய்தது நடக்கவில்லை. கேள்வி எடுத்தவர் கற்பனை செய்தது நடந்திருந்தது. விடைக்குறிப்பு தங்கத்தைத்தான் காரணம் அல்லாதது என்றது.

வேலைக்குத் தேர்வானோரின் பொதுப் பட்டியலில் கடைசி இடம் எம். அகிலாண்டேஸ்வரிக்குக் கிடைத்தது. அவளைவிட ஒரு மதிப்பெண் குறைவாக வாங்கி, அடுத்த பெயராக நின்றவள் சபீனா. கேள்வி 74க்கு விடை மாறினால் இருவரும் இடம் மாற வேண்டும்.

அகிலாண்டேஸ்வரி மாத்ருபூதத்தின் ஒரே மகள்.

சபீனாவுக்கு முப்பத்தொன்பது வயது. மணப்பாறையில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருடமாக வேலை. ஒவ்வொரு மே மாதமும் வேலை போகும், ஒவ்வொரு ஜூனிலும் திரும்ப வரும். குழுமத்தின் வயது வரம்பு நாற்பது, அவளுக்கு டிசம்பரில் நாற்பது. வாழ்க்கையில் அவள் அனுமதித்துக்கொண்ட ஒரே ஆடம்பரம் கைடு படிக்காமல் இருந்தது. ஆட்சேபம் எழுதிப் போட்டாள். பதிலாக வந்ததுதான் பேரறிஞர் கடிதம். அவள் அந்தப் பேரறிஞரைக் கல்லூரி கல்லூரியாகத் தேடிவிட்டு, கடைசியில் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த விலாசத்துக்கு வந்தாள். கவுன்டரில் இருந்தவர், டாக்டர் யாரும் இங்கே இல்லை, மாத்ருபூதம் என்று ஒருவர் இருக்கிறார், உள்ளே போய்ப் பாருங்கள் என்றார்.

உள்ளே போனவள் ஒரு நிமிடம் தயங்கினாள். பேரறிஞரின் காதில் சிவப்புப் பென்சில் செருகியிருந்தது. அவள் கையில் ஆறு நூல்களின் பெயர் எழுதிய தாள் ஒன்று இருந்தது. சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை.

"சார், இந்த உப்பு வரி எந்தப் புத்தகத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஆறு புத்தகம் பார்த்துட்டேன், எதுலயும் கிடைக்கல. என் கண்ணுலதான் படலைன்னு வச்சுக்கங்க. நீங்க பேரைச் சொன்னா போய்ப் படிச்சுட்டு, பேசாம விட்டுடறேன்."

எவ்வளவோ விதமாகத் திட்டியிருக்கலாம். திட்டு வாங்கப் பழகியவர் அவர்; அச்சுப்பிழைக்கெல்லாம் ஆள்கள் வீடுவரை வந்து திட்டியிருக்கிறார்கள். நம்புகிற ஆளுக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நாளாகிவிட்டது, தேடிப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன் என்றாள் அவள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எனக்கு முன்னாடி அகிலாண்டேஸ்வரின்னு ஒரு பொண்ணு இருக்காங்க சார். அவங்க மேல எனக்கு ஒண்ணும் கிடையாது. பாவம், கைடு படிச்சிருப்பாங்க."

மாத்ருபூதம் சொன்ன வாக்குப்படி தேடினார். நான்கு நாள் அரைநாள் லீவு போட்டு மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து, அவளுடைய தாளில் இருந்த புத்தகங்களையும் இல்லாத புத்தகங்களையும் புரட்டினார். தான் இட்டுக்கட்டியது ஜப்பானில் எங்காவது ஒரு மூலையில் நிஜமாகவே நடந்திருக்கக்கூடாதா என்று தேடினார். அறுபத்திரண்டு வயதில் அவர் அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தது அப்போதுதான். சில குறுநிலங்களில் உப்பு வியாபாரத்தைத் தலைவர்களே வைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதனால் ஆட்சி விழுந்ததாக யாரும் எழுதவில்லை. தங்கம் வெளியேறியது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருந்தது.

பிறகு அவரும் எடோ அரசு செய்ததையே செய்தார். எல்லாரிடமும் கருத்துக் கேட்டார்.

மனைவி அழகம்மாள், சீனாவை எழுதிவிட்டு வடக்கே போனாரே, அவர் எழுதியது என்று சொல்லிவிடுங்கள், அவரா வந்து கேட்கப்போகிறார் என்றாள். முதலாளி முரளிதரன் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார். அப்பா காலத்து ஆள் என்பதால் மரியாதைக்குக் குறைவில்லை.

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல சார். எதுவும் எழுதிக் கொடுக்காதீங்கன்னுதான் சொல்றேன். எழுதறது நம்ம தொழில். அதை வெளியில போய்ச் செய்யாதீங்க."

உப்பு வரி வேண்டாம் என்றால் அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டு வேறு ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். என்ன போடுவது என்று மாத்ருபூதம் கேட்டதற்கு, உங்களுக்குத் தெரியாததா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சபீனா வந்து கேட்டதையும் சேர்த்து மகளிடம் சொன்னார். அகிலா வேலையில் சேர்ந்து ஒன்றரை மாதம். திருவெள்ளறைப் பக்கம் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்பு நோட்டுகளைக் கூடத்தில் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள். உப்பு வரி தன்னுடைய கற்பனை என்று கேட்டதும் முதலில் சிரித்துவிட்டாள்.

"சும்மா சொல்றீங்க."

"இல்லம்மா. ஒன்பதுதான் வந்துச்சு. பத்து வேணும்."

"நான் அதை மனப்பாடம் பண்ணினேன்பா. பரீட்சையில நாலு ஆப்ஷனையும் பார்த்தேன். உப்பு வரி அப்பா எழுதினது, அது தப்பா இருக்காதுன்னு போயிட்டேன்." சிவப்புப் பேனாவை மூடினாள். "இப்ப என்ன, எழுதிக் கொடுக்கப் போறீங்களா?"

"கேக்கறாங்க."

"கொடுத்தா எனக்கு வேலை போயிடும்."

"ஆமா."

"அப்ப எதுக்கு எங்கிட்ட வந்து கேக்கறீங்க?"

"கேக்கல அகிலா. சொல்றேன்."

அவள் நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று மதியம், நீங்கள் ஜப்பானுக்கு நியாயம் செய்து என்ன ஆகப்போகிறது என்று அழகம்மாள் கேட்டாள். ஜப்பானைப் பற்றி இல்லை என்றார் அவர். அந்த வாரம் முழுவதும் வீட்டில் சமையல் நடந்தது, சாப்பாடு நடந்தது, யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை சபீனா வந்தாள். புத்தகத்தின் பெயரை எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் அவளைக் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு நோட்டரியின் அறைக்கு அழைத்துப் போனார். வாக்குமூலத்தை முத்திரைத்தாளில் ஏற்கெனவே டைப் அடிக்கச் சொல்லியிருந்தார். 1997இல் செவ்வந்தி பதிப்பகக் கைடில் பக்கம் 112இல் உள்ள பத்தாவது காரணத்தைத் தான் ஆதாரம் எதுவும் இல்லாமல் இட்டுக்கட்டி எழுதியதாகவும், தான் பேராசிரியர் அல்ல, டாக்டர் அல்ல, பட்டதாரி அல்ல என்றும் அதில் இருந்தது. பட்டியலில் கடைசி இடம் பெற்ற அகிலாண்டேஸ்வரி தன் மகள் என்பதையும் அவரே சேர்த்திருந்தார். அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை.

சபீனா கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தாள்.

"சார், இதை நான் வாங்கிக்கலாமான்னு தெரியல."

"டைப் அடிச்சாச்சும்மா. வாங்கிக்க."

அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கதைக்கு அழகாக இருந்திருக்கும். டிசம்பருக்கு நான்கு மாதம்தான் இருந்தது.

விசாரணை செப்டம்பரில், மன்னார்புரத்தில் குழுமத்தின் அலுவலகத்தில் நடந்தது. மூன்று பேர் கொண்ட மேல்முறையீட்டுக் குழு. மூவரும் ஓய்வு பெற்றவர்கள், மூவரும் மரியாதையானவர்கள். தலைவர் புத்தகத்தின் அட்டையையும் எதிரில் நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதை எழுதியது நீங்களா என்றார். ஆமாம் என்றார் மாத்ருபூதம்.

"இதுல டாக்டர்னு போட்டிருக்கு. நீங்க டாக்டரா?"

"இல்லைங்க."

"பேராசிரியரா?"

"இல்லைங்க."

"அப்ப நீங்க இவர் இல்லையே."

அட்டையில் போட்டது பொய் என்று மாத்ருபூதம் சொன்னார். அட்டையும் பொய், உள்ளே இருப்பதும் பொய் என்றால் நீங்கள் இப்போது சொல்வது மட்டும் எப்படி நிஜமாகும் என்று இரண்டாவது உறுப்பினர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லும் படிப்பு அவரிடம் இல்லை. சபீனா தன் ஆறு நூல்களை மேஜையில் வைத்து, உப்பு வரி எதிலும் இல்லை என்று காட்டினாள். ஒரு நூல் ஒன்றைச் சொல்லாமல் விட்டது, அது நடக்கவே இல்லை என்பதற்கு ஆதாரமாகாது என்றார்கள். தங்கம் வெளியேறியது இருக்கும் பக்கங்களைக் காட்டினாள். அது டாக்டரின் நூலில் இல்லையே என்றார்கள். மறுபுறம், உப்பு வரிக்கு மதுரை, கோவை உட்பட நான்கு புத்தகங்கள் ஆதாரமாக மேஜையில் இருந்தன. அவற்றில் ஒன்றில் பெண்கள் ஊர்வலமும் இருந்தது.

மூன்றாவது உறுப்பினர் வாக்குமூலத்தின் கடைசிப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டு, சற்றுப் பரிவோடுதான் கேட்டார்.

"பெத்த பொண்ணு வேலைய நீங்களே கெடுக்க வந்திருக்கீங்க. யாருங்க இப்படிச் செய்வாங்க? பின்னாடி யார் இருக்கா, சொல்லுங்க. நாங்க பாத்துக்கறோம்."

"யாரும் இல்லைங்க. நான்தான்."

அது அவர்களுக்குத் திருப்தியான பதிலாக இல்லை.

அக்டோபரில் உத்தரவு வந்தது, நான்கு பக்கம். வாக்குமூலம் அளித்த திரு. மாத்ருபூதம் என்பவர் பட்டப்படிப்பை முடிக்காத அச்சகப் பணியாளர். கிழக்காசிய வரலாறு குறித்துக் கருத்துக் கூறும் தகுதி அற்றவர். மேலும், சொந்த மகளின் நலனுக்கு எதிராக ஒருவர் சாட்சி சொல்வது இயல்புக்கு மாறானது. எனவே சாட்சியம் ஐயத்துக்குரியது. பேராசிரியர் டாக்டர் எம். மாத்ருபூதம் அவர்களின் நூலோ பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளதும், பிற நான்கு நூல்களால் உறுதி செய்யப்பட்டதும் ஆகும். மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. இருவரும் ஒரே ஆள் என்பது உத்தரவில் எங்கும் மறுக்கப்படவில்லை. ஒப்புக்கொள்ளப்படவும் இல்லை.

சபீனா போனில் செய்தி சொன்னாள். அழவில்லை. உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் சார் என்றாள். பத்தாம் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, பிறகு பேசுகிறேன் என்று வைத்தாள். பிறகு பேசவில்லை. டிசம்பரில் அவளுக்கு நாற்பது ஆனது. மே மாதம் வேலை போயிற்று, ஜூனில் திரும்ப வந்தது.

முரளிதரன் உத்தரவு வந்த வாரமே மாத்ருபூதத்தை நிறுத்திவிட்டார். பதிப்பகத்தின் பெயரைக் கெடுத்தவரை வைத்துக்கொள்ள முடியாது என்பது காரணம். உண்மையில் பெயர் கெடவில்லை, உயர்ந்தது. அடுத்த பதிப்பின் அட்டையில் "நியமனக் குழுமத்தால் ஆதார நூலாக ஏற்கப்பட்டது" என்று ஒரு வரி கூடியது. பக்கம் 112 மாறவில்லை. பேராசிரியர் டாக்டர் எம். மாத்ருபூதம் அந்த அட்டையில் இன்னும் பணியில் இருக்கிறார்.

அகிலாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில்தான் சிக்கல். வேலை போயிருந்தால் ஒருநாள் அழுது, ஒருநாள் திட்டி, ஏதோ ஒரு பண்டிகைக்குள் சமாதானம் ஆகியிருப்பாளோ என்னவோ. போகாத வேலைக்காக அழவும் முடியாது. அது தன்னுடையதுதான் என்று நிம்மதியாக உட்காரவும் முடியாது. நவம்பரில் திருவெள்ளறையில் கூட வேலை செய்யும் ஒரு டீச்சரோடு அறை எடுத்துக்கொண்டு போனாள். பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைத்தார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் அம்மாவின் பெயருக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அழகம்மாள் குழம்பு எடுத்துக்கொண்டு போய் வருவாள். அவரும் ஒருமுறை கிளம்பினார். உங்களைக் கேட்டாளா என்று அழகம்மாள் பார்த்த பார்வையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டார்.

கடைசி ஷோகுன் ஆட்சியை விட்டுக்கொடுத்தபின் நாற்பத்தாறு வருடம் உயிரோடு இருந்தார். புகைப்படம் எடுத்தார், சைக்கிள் ஓட்டினார். விழுந்தபின் அவ்வளவு நாள் மிஞ்சிவிடுவதைப் பற்றிக் கைடுகளில் பாயிண்ட் எதுவும் கிடையாது. மாத்ருபூதத்துக்குப் பொழுதுபோக்கு எதுவும் இல்லை. காலையில் நியூஸ்பேப்பர் வாங்கிப் பென்சிலால் பிழை திருத்துகிறார். மாலையில் கொள்ளிடம் பாலம்வரை நடக்கிறார்.

அவரைப் பற்றி ஊரில் பலவிதமாகச் சொல்கிறார்கள். மகளோடு ஏதோ பழைய மனஸ்தாபம் என்கிறார் ஒருவர். அந்த மணப்பாறைப் பெண்ணிடம் ஏதோ வாங்கிக்கொண்டார் என்று ஒரு பேச்சு. வயதாகிப் புத்தி பிசகிவிட்டது என்று முரளிதரன் சொல்கிறார்; அவர் மட்டுமே கொஞ்சம் வருத்தத்தோடு சொல்கிறார். இந்தக் காரணங்கள் எவற்றுக்கும் ஆதாரம் இல்லை. ஆதாரம் இருப்பது ஒன்றுக்குத்தான்.

மகளின் வேலை போய்விடும் என்று தெரிந்தும், தான் அச்சில் எழுதியது பொய் என்று மாத்ருபூதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.